அளவுக்கு மேல் இரண்டு விரல்

மக்கா, இந்தக் கடிதத்தை வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய், குளித்து, சோறு தின்றுவிட்டு உட்கார்ந்து படி. பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. உன் அப்பாவுக்கு முட்டுவலி எப்போதும் போல, எனக்கு வாய் எப்போதும் போல. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம். அதற்கும் குறையில்லை. ஒரு குறை வர இருந்தது, என்னால்தான் வர இருந்தது, அது எப்படி வந்து எப்படிப் போனது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கும்போது, நீ அனுப்பின கண்ணாடி என் முகத்தில் இருக்காது. அதைப் பார்த்து உன் முகம் சுருங்கிவிடக் கூடாதே என்றுதான் எனக்கு இப்போது கவலையெல்லாம். நீ ஒன்றும் கேட்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். உள்ளே வைத்துக்கொள்வாய். அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொய்யை ஒப்புக்கொள்கிறேன். "கண்ணாடி முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது, போட்டதே தெரியவில்லை" என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது பச்சைப் பொய். ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தும் அனுப்பினேன். அதில் நான் நிமிர்ந்து ராணி மாதிரி நிற்பதாக நீ எழுதியிருந்தாய். ராணியாவது ஒன்றாவது! தலையைக் கொஞ்சம் குனிந்தால் கண்ணாடி வாய்க்கு வந்துவிடும், அதனால் நிமிர்ந்து நின்றேன். "கடையில் என் முகத்திலேயே வைத்துப் பார்த்து வாங்கினேன், எனக்கு உன் முகம் என்றுதானே எல்லாரும் சொல்வார்கள்" என்று நீ எழுதின வரியைத் தெருவில் ஏழு வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். முகச்சாயல் வேறு, முக அளவு வேறு என்று முப்பது வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிற எனக்குத் தெரியாதா? பெட்டியைத் திறந்தவுடனே தெரிந்தது. ஆனாலும் அந்த வரியைப் படித்த பிறகு இது பெரிது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் புதிதாகத் திறந்த கடையில் கொடுத்து, தூரத்துக்கு மேலே ஒன்று, கிட்டத்துக்குக் கீழே ஒன்று என்று இரண்டு பார்வைக்கும் சேர்த்துக் கண்ணாடி போடச் சொன்னேன். அங்கே அதை என் முகத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நானும் வைத்துப் பாருங்கள் என்று கேட்கவில்லை. மகன் அனுப்பினது பொருந்தாமல் போகுமா என்று ஒரு வீறாப்பு.

இரண்டு மாதம் போட்டேன் மக்கா. மூக்கில் நிற்கவேண்டிய இடம் எனக்கு அகலம், அதனால் அது வழுக்கிக் கன்னத்தில் வந்து உட்காரும். கிட்டத்துக்கு வைத்த கீழ்த் துண்டு எங்கேயோ தாடைக்குப் பக்கத்தில் போய்விடும். ஊசியைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்க வேண்டும். படி இறங்கும்போது எந்தப் படி எங்கே இருக்கிறது என்று தெரியாது. சாயங்காலம் ஆனால் இரண்டு நெற்றிப்பொட்டிலும் அம்மி வைத்த மாதிரி வலி. உன் அப்பா பார்த்துவிட்டு, "ஏட்டி, ஊருக்கெல்லாம் அளவு எடுக்குத, ஒம் மூஞ்சிக்கு அளவு எடுக்க ஆளு வேணுமோ?" என்று கேட்டார். போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சீறினேன். கஷ்டமாக இருந்தால் சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். இதையேதான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் உன்னிடம் கேட்டேன்.

உனக்கு அது எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை என்று டீச்சர் சொல்லி, ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது அப்பா பொன்முடியில் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கணக்குப்பிள்ளை. பஸ் கிடைத்து அவர் மலையிறங்கி வருவது மாதத்துக்கு இரண்டு தடவை. வீட்டில் எல்லாம் என் ராஜ்ஜியம். உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் தங்கப்பன் என்பவருடைய கண்ணாடிக்கடைக்குப் போனேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். வீடு நிறைய யூனிஃபார்ம் துணி குவிந்து கிடந்தது. என் கைத் தையலுக்கு ஏன் அவ்வளவு பெயர் என்று உனக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்குத் தைத்தாலும் அளவுக்கு மேல் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைப்பேன். வருஷா வருஷம் மடிப்பைப் பிரித்துவிட்டால் அதே பாவாடை, அதே நிக்கர் மூன்று வருஷம் வரும். உனக்கு ஷூ வாங்கினாலும் பெரிதாக வாங்கி முன்னால் காகிதத்தைத் திணிப்பேன். அந்த நினைப்பிலேயே கண்ணாடிக்கடையிலும் போய், "வளருற பிள்ளை, ரெண்டு விரல் கூட இருக்கட்டும்" என்று சொன்னேன்.

தங்கப்பன் முதலில் நான் விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். அவர் மலையாளி, நம்மிடம் பேசும்போது தமிழையும் மலையாளத்தையும் கலந்துகட்டிப் பேசுவார். "அம்மா, இது சட்டையல்ல கேட்டோ. மடக்கி வச்சிட்டுப் பின்னே அவுக்க முடியாது. பிள்ளையோட கண்ணு எங்க நிக்குதோ, கண்ணாடிச் சில்லோட நடு அங்க நிக்கணும். முகம் வளர்ந்தா வேற எடுக்கணும்" என்றார். நான் விடுவேனா? "நீரு வியாபாரத்துக்குச் சொல்லுதீரு. வருஷத்துக்கு ஒண்ணு விக்கணும் ஒமக்கு. அளவப்பத்தி எனக்கே பாடம் எடுக்கீரா?" என்று ஆரம்பித்தவள், கடைக்கு வெளியே ஆள் கூடுகிற வரைக்கும் நிறுத்தவில்லை. கடைசியில் அவர் கும்பிட்டு, "எடுத்துக்கோங்க அம்மா, ஆளை விடுங்க" என்று பெரியவர்கள் போடுகிற ஃப்ரேமில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நீ நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாய். புருவத்துக்கு மேலிருந்து பாதிக் கன்னம் வரைக்கும் கண்ணாடி. அது உனக்கு எப்படி இருக்கிறது என்று உன்னிடம் நானும் கேட்கவில்லை, தங்கப்பனும் கேட்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் உனக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அது நழுவி நழுவி விழுந்தது. உடனே நான் என் வித்தையைக் காட்டினேன். நிக்கருக்குப் போடுகிற எலாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடியின் இரண்டு காலிலும் முடிந்து, உன் பிடரியோடு இழுத்துக் கட்டினேன். வகுப்பில் உன்னைக் குதிரை என்று கூப்பிட்டார்களாம், அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். மூக்கின் இரண்டு பக்கமும் தோல் உரிந்தது. தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன், கழற்ற விடவில்லை. அவ்வளவு செய்தும் அது இறங்கத்தான் செய்தது. கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்காக நீ மோவாயைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். பையன் பெரியவர்கள் முன்னால் தலையைத் தூக்கி ஏற இறங்கப் பார்க்கிறான், மரியாதை போதாது என்று டீச்சர் சொல்லியனுப்பினாள். அதற்கும் உன்னைத்தான் ஏசினேன். தினமும் சாயங்காலம் தலைவலி என்பாய். படிக்கக் கள்ளம் என்பேன். நீயும் சரிதான் போலிருக்கிறது என்கிற மாதிரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாய்.

அந்த அடியைப் பற்றி நான் இதுவரை உன்னிடம் பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன். எனக்கு ஊசி கோத்துத் தருவது உன் வேலை. அன்றைக்கு மறுநாள் கொடுக்கவேண்டிய துணி மலையாகக் கிடந்தது, எனக்குக் கோபம் உச்சியில் இருந்தது. நீ நூலை வைத்துக்கொண்டு ஒரு தடவை தவறினாய், இரண்டாம் தடவை தவறினாய், மூன்றாம் தடவை நூல் கீழே விழுந்தது. "நடிக்கியால? படிக்கச் சொன்னாத் தலவலி, ஊசி கோக்கச் சொன்னாக் கண்ணு தெரியல்லியோ?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தேன். கண்ணாடி பறந்துபோய் மிஷின் சக்கரத்தில் பட்டு ஒரு கால் முறிந்தது. நீ கீழே கிடந்த ஊசியையும் நூலையும் எடுத்தாய். வெறுங்கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், ஒரே தடவையில் கோத்தாய். கண்ணீர் மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது, ஊசியை என் பக்கம் நீட்டினாய். நான் அதை வாங்கிக்கொண்டு, "பாத்தியா, இப்ப மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். மக்கா, அடித்ததைவிட அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் பெரிய பாவம்.

முறிந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பத் தங்கப்பன் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. நான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூரம் தெரியாத பிள்ளைக்குக் கிட்டே உள்ளது வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும், கண் ஒரு இடத்திலும் சில்லின் நடு இன்னொரு இடத்திலும் நின்றால் தலை வலிக்கத்தான் செய்யும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். சின்ன ஃப்ரேம் ஒன்றை எடுத்து உன் மூக்கில் வைத்து, உன்னை நேரே பார்க்கச் சொல்லி, கண்மணி நிற்கிற இடத்தில் மைப்புள்ளி வைத்தார். காதில் மாட்டும் காலைச் சூடான மணலில் செருகி இளக்கி, உன் காதுக்குப் பின்னால் வளைகிற இடம் பார்த்து வளைத்தார். அப்புறம் உன் பக்கத்தில் குனிந்து, "மோனே, எங்கயாச்சும் நோவுதா?" என்று கேட்டார். நீ முதலில் என் முகத்தைப் பார்த்தாய், நோகிறது என்று சொல்லலாமா என்று. நான் தலையாட்டின பிறகுதான், இடது காதில் என்று விரலை வைத்துக் காட்டினாய்.

கண்ணாடி தயாராகி வந்த அன்று கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு போர்டு விடாமல் வாசித்துக்கொண்டு வந்தாய். தமிழ், மலையாளம், எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் எல்லாம். "இவ்வளவு நாள் ஏம்ல சொல்லல்ல?" என்று கேட்டேன். நீ சொன்னாய், "நீ கடையில அவ்வளவு சண்ட போட்டுல்லா வாங்கித் தந்த." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எத்தனை கல்யாண வீட்டில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன்! நீயும் கூடச் சிரிப்பாய். ஒரு நாளாவது, தப்பு என்னுடையதுதான், என்னை மன்னித்துக்கொள் என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டால் தானாக ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன்.

இனி இந்த மாதத்துக் கதைக்கு வருகிறேன். கல்யாணப் பெண் சாந்தாவுக்கு முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டை நான்தான் தைப்பேன் என்று பிடிவாதமாகத் துணியை வாங்கி வைத்திருந்தேன் இல்லையா? அவள் அம்மா அளவு ஜாக்கெட் ஒன்றும் கொடுத்தனுப்பினாள். உன் கண்ணாடியை மாட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, மூன்று நாள் உட்கார்ந்து தைத்தேன். போட்டுப் பார்த்தால் பெண்ணுக்குக் கை ஏறவில்லை. கோடு போட்ட இடத்தை விட்டு ஒரு விரல் உள்ளே தையல் ஓடியிருக்கிறது, முப்பது வருஷத்தில் எனக்கு இப்படி ஆனதேயில்லை. ஆனால் நான் உன் அம்மை அல்லவா? தப்பு என்று சொல்வேனா? "உங்க வீட்டு அளவே சரியில்ல. பழைய சட்டையத் தந்து ஏமாத்திட்டீங்க" என்று வந்த சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் பாவம், "மைனி, போன மாசம் தச்ச சட்டைல்லா அது" என்றாள். "அப்போ பிள்ளை பெருத்துட்டாளோ?" என்று அதற்கும் ஒன்று சொன்னேன். அவள் எழுந்து, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல், ஜாக்கெட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆளில்லை, பேச்சில்லை. இந்த வாய் என் பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டது என்று நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாம் நாள் ஸ்ரீவராகத்தில் பள்ளிக்கூடம் விட்டு சாந்தா தனியாக வந்தாள், கையில் அந்த ஜாக்கெட்டோடு. டீச்சர் அல்லவா, பயமே கிடையாது. "அத்தை, சண்டை போட வரல்ல. இதப் பிரிச்சு ஒரு விரல் விட முடியுமான்னு கேக்க வந்தேன்" என்றாள். எனக்கு வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கும் வழியில்லை, குனிந்தால் கண்ணாடி விழும்! நல்ல வேளை, பழக்கதோஷத்தில் உள்ளே இரண்டு விரல் மடிப்பு விட்டிருந்தேன். பிரித்துத் திரும்பத் தைக்கலாம் என்று உட்கார்ந்து ஊசியை எடுத்தேன். ஒரு தடவை நூல் தவறியது, இரண்டாம் தடவை தவறியது, மூன்றாம் தடவை நூல் மடியில் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அத்தை, நீங்க ஏன் தலையத் தூக்கித் தூக்கிப் பாக்கீங்க? ஒங்களுக்குக் கண்ணாடி ரொம்பப் பெருசா இருக்கே, நோகல்லியா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு உன்னிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. "ஆமா மக்களே, நோகுது" என்று சொல்லிவிட்டு, வெட்கமில்லாமல் அவள் முன்னால் அழுதேன். அவள் என் கண்ணாடியைக் கழற்றித் தன் முந்தானையில் துடைத்து மேசையில் வைத்தாள். ஊசியை என் கையிலிருந்து வாங்கி அவளே கோத்துத் தந்தாள். மறுநாள் நான் சம்பந்தி வீட்டுக்குப் போய், அளவு சரிதான், என் கண்தான் சரியில்லை, பேசினதும் தப்பு என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன். ஜாக்கெட் இப்போது வார்த்த மாதிரி இருக்கிறது.

சாந்தாதான் என்னைத் தங்கப்பன் கடைக்குக் கூட்டிப் போனாள். ஆள் நரைத்துவிட்டார், ஆனால் என்னைப் பார்த்தவுடனே, "அய்யோ, ரெண்டு விரல் அம்மா!" என்று எழுந்து நின்றார். உன் ஃப்ரேமை எப்படியாவது என் முகத்துக்குச் சரிசெய்து தாரும் என்று கேட்டேன். பாவம், மனுஷர் பாடுபட்டார். காலைச் சூடாக்கி வளைத்தார், காதுக்குப் பின்னால் சரியாகப் பிடித்தது. ஆனால் மூக்கில் உட்காரும் இடத்தைக் குறுக்க வழியில்லை. "கால் வளையும், இது வளையாது அம்மா. இது உங்க மோனோட மூக்குக்கு உள்ளது" என்றார். அவர் கடையிலேயே சின்னதாக ஒரு கறுப்பு ஃப்ரேம் எடுத்தேன். நேரே உட்காரச் சொல்லிப் புள்ளி வைத்தார், கிட்டப் பார்வைத் துண்டு கீழ் இமையோடு வந்து நிற்கிற மாதிரி அளந்தார். தயாராகி வந்த அன்று மாட்டிவிட்டு, குனிந்து தலையை ஆட்டச் சொன்னார். விழவில்லை. பத்து நாளாகப் போடுகிறேன், மூக்கில் தடம்கூட இல்லை. அழகில் உன் ஃப்ரேமுக்குக் கால் தூசி பெறாது, சொல்லிவிடுகிறேன்.

இனி நான் சொல்ல வருவது. நீ வாய் திறக்காத பிள்ளை. அதை நல்ல குணம் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். ஆனால் என் சத்தத்துக்குப் பயந்து நீ அப்படிப் பழகிவிட்டாயோ என்று இப்போது நினைக்கிறேன். சாந்தாவிடம் அப்படி இராதே. அவள் ஆசையாகச் செய்தது உனக்குக் குத்தினால், அன்றைக்கே சொல். இரண்டு மாதம் தலைவலியோடு சிரித்துக்கொண்டு திரியாதே. நீ ஆசையாகச் செய்ததையும், அவளுக்கு எப்படி இருக்கிறது என்று வாயைத் திறந்து கேள். உன் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவளுக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்காதே. நான் பிள்ளையிடம் கேட்காமல் கடைக்காரரோடு சண்டை போட்டவள், என்னைப் பார்த்துப் படித்துக்கொள். அந்த அடிக்கும், அந்தக் கேள்விக்கும், உன் அம்மாவை மன்னித்துவிடு மக்கா. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பின ஃப்ரேமைத் துடைத்து, பெட்டியோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். அது உன் முகத்துக்கென்றே செய்தது. நீ வந்ததும் உன் பவருக்குக் கண்ணாடி போட்டு முகூர்த்தத்துக்கு நீ அதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஆசைதான், பிடிவாதமில்லை. வந்த மறுநாள் தங்கப்பன் கடைக்குப் போவோம். நீ உள்ளே போய் உட்கார், நான் வெளியே தெருவில் நிற்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன், இது சத்தியம். எங்கேயாவது நோகிறதா என்று அவர் கேட்பார். என் முகத்தைப் பார்க்காதே மக்கா. நீயே சொல்லு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா